வெதுவெதுப்புக்கு ஒரு பெயர்

உடம்பில் முடியில்லை; உச்சந்தலையில் மட்டும் நாலு மயிர் குத்திட்டு நிற்கும். தொட்டால் அடுப்பங்கரைச் சுவர்போல ஒரு வெதுவெதுப்பு. மெக்சிகோவின் ஷோலோஇட்ஸ்குவின்ட்லி நாய்க்குப் பெயர் தேடுவது சுவையான வேலை. இனப்பெயரிலேயே ஒரு புராணம் இருக்கிறதே! நாவாட்ல் மொழியில் ஷோலோட்ல் என்பது நாய்முகத் தெய்வம். இட்ஸ்குவின்ட்லி என்றால் நாய். இறந்தவர்களை மிக்ட்லான் என்னும் கீழுலகுக்கு வழிகாட்டிச் செல்வது நாய்தான் என்று ஆஸ்டெக் மக்கள் நம்பினார்கள்.

ஓவியர் ஃப்ரீடா காலோ தன் செல்ல நாயைத் ‘திருவாளர் ஷோலோட்ல்’ என்று மரியாதையோடு 1949ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றின் தலைப்பிலேயே சேர்த்துவிட்டார். 2017இல் வந்த ‘கோகோ’ படத்தில் நாக்கு தொங்கும் இந்த இன நாயின் பெயர் தாந்தே. மறுவுலகைச் சுற்றிவந்து பாடிய இத்தாலியக் கவிஞரின் பெயர்.

நாவாட்லிலேயே பெயர் தேடலாம்: கருந்தோல் மினுங்கினால் இட்ஸ்ட்லி, அதாவது எரிமலைக் கண்ணாடிக்கல். பெண் குட்டிக்கு சிட்லாலி, விண்மீன். அழகுதான். ஆனால் வாசலில் நின்று கூப்பிட நாக்குக்கு இரண்டு அசை போதும். அத்தனை நீள இனப்பெயரையும் ‘ஷோலோ’ என்று சுருக்கிவிட்டார்களே, அதுதான் பெயரிடும் கலை.