காட்டுக்குள் யாரை நம்புவது?

சரித்திரக் கதையாகட்டும், சஸ்பென்ஸ் கதையாகட்டும், மூன்றாவது அத்தியாயத்துக்குள் ஒரு காடு வந்துவிடும். கவனித்திருப்பீர்கள். கும்மிருட்டு. எங்கோ ஒரு ஆந்தை. தூரத்தில் நரி. சருகு மிதிபடும் சத்தம். ராஜா காலத்துக் கதையென்றால் புதருக்குப் பின்னாலிருந்து புலி பாயும். இந்தக் காலத்துக் கதையென்றால் செல்போனில் சிக்னல் போய்விடும். அத்துடன் 'தொடரும்' போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் பார்த்தால் புலி செத்திருக்கும், சிக்னல் வந்திருக்கும். நமக்கும் பயம் போயிருக்கும்.

ஆனால் சில காடுகள் மட்டும் படித்துப் பல வருஷம் ஆனாலும் போகமாட்டேன் என்கின்றன. ஏன் என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமா?

என் கட்சி இதுதான். காட்டுக் கதையில் பயம் மரத்தாலோ மிருகத்தாலோ வருவதில்லை. அங்கே வழி தெரிந்த ஒரு ஆள் இருக்க வேண்டும். கதாநாயகனுக்கு வழி தெரியக்கூடாது. அந்த ஆளை நம்பலாமா என்பதும் தெரியக்கூடாது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் காடு. மற்றதெல்லாம் பழைய நாடகக் கம்பெனிகளில் மேலேயிருந்து கயிறு கட்டி இறக்குவார்களே, அந்த வனம் வரைந்த படுதா.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1950-ல் 'கல்கி' இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்'. அதன் இரண்டாம் பாகத்தில், இலங்கைக்குப் போகிற வழியில் வந்தியத்தேவன் கோடிக்கரைக்கு வருகிறான். பூங்குழலியைப் பார்க்கிறான். அவள் ஓட, இவன் துரத்த, 'சேற்றுப் பள்ளம்' என்றே தலைப்புள்ள அத்தியாயத்தில் உளையில் மாட்டிக்கொள்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறான். கடைசியில் அவளே வந்து இழுத்துக் காப்பாற்றுகிறாள்.

இதில் கல்கி செய்திருக்கும் காரியத்தைப் பாருங்கள். இருவரும் ஓடுவது ஒரே காட்டில், ஒரே அந்தி வெளிச்சத்தில். அவள் கால் புதையவில்லை, இவன் கால் புதைகிறது. வித்தியாசம் காட்டில் இல்லை, அவள் தலைக்குள் இருக்கிறது. எங்கே மிதிக்கலாம் என்பது அவளுக்கு மனப்பாடம். வல்லத்து இளவரசனின் வாளும் குதிரையேற்றமும் அங்கே ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. இவள் வேண்டுமென்றேதான் இந்தப் பக்கம் இழுத்து வந்தாளா என்ற கேள்வி படிப்பவருக்கு வந்துவிடுகிறது. அவன் அவளை நம்பித்தான் படகேற வேண்டும். அன்றிரவே சதுப்பில் தெரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்கிறாள். படகோட்டி இப்படிப் பேசினால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

இன்னொன்று. கல்கி அங்கே புலியை விடவில்லை. கோடிக்கரை இன்றைக்கும் குட்டையான உலர்காடும் உப்புச் சதுப்பும் கடலும் கலந்த இடம். 1967-ல் வெளிமான்களுக்காகச் சரணாலயமாக்கினார்கள். புலி எல்லாக் கதைக்கும் பொது, உளை அந்த ஊருக்குச் சொந்தம். அந்த மண்ணில் எது ஆபத்தோ அதைத்தான் எழுதியிருக்கிறார்.

இதே கல்கி சறுக்கும் இடமும் உண்டு. முதல் பாகத்தில் திருப்புறம்பயம் பள்ளிப்படைக் காடு. ரவிதாசன் கோஷ்டி நள்ளிரவில் கூடிச் சதி செய்கிறது. ஆழ்வார்க்கடியான் மறைந்திருந்து கேட்கிறான். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவருக்கும் பாண்டியருக்கும் பெரிய சண்டை நடந்து, கங்க மன்னன் பிருதிவீபதி விழுந்த ஊர் அது. செத்தவனுக்கு எழுப்பிய கோயிலில் சாகடிக்கத் திட்டம் போடுகிறார்கள் என்பது அருமையான இடத் தேர்வு. ஆனால் காட்டுக்கு அங்கே என்ன வேலை? ஒட்டுக்கேட்பவனை மறைப்பது மட்டும்தான். அந்த நாவலில் முக்கியமான ரகசியம் எதையும் யாரும் தனியாகப் பேசியதே கிடையாது, பக்கத்துப் புதரில் ஒருவர் இருந்தே தீருவார். கோடிக்கரையில் காடு ஒரு பாத்திரம். திருப்புறம்பயத்தில் காடு ஒரு கதவிடுக்கு. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் வித்தியாசம் புரியும்.

ஆங்கிலத்தில் இந்த வித்தையைச் சுத்தமாகச் செய்தவர் கானன் டாயில். 1901-ல் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வரத் தொடங்கிய 'ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. அதில் கிரிம்பென் என்ற சதுப்பு வருகிறது. அதற்காக டாயில் டார்ட்மூர் பொட்டலில் நேரில் போய் நடந்து பார்த்திருக்கிறார். கதையில் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டேபிள்டன் வாட்சனிடம் அந்தச் சதுப்பைக் காட்டுகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மட்டக்குதிரை அதில் முழுகிச் சாகிறது. எனக்கு மட்டும் நடுவரை போய்த் திரும்ப வழி தெரியும் என்கிறார் மனிதர், பெருமையாக.

அவ்வளவுதான், முடிந்தது. வாசகருக்கு இரண்டு விஷயம் சொல்லியாகிவிட்டது: இந்தச் சேறு கொல்லும், இந்த ஆளுக்கு வழி தெரியும். இனி டாயில் ஆந்தையை அலறவிட வேண்டியதில்லை. கடைசியில் அந்த வழி எப்படித் தெரிந்தது என்றால், குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள். மூடுபனி இறங்குகிறது, குச்சி தெரியவில்லை. வழி தெரிந்தவனே அதில் போய்ச் சேர்ந்துவிடுகிறான் என்று நம்மை ஊகிக்கவிட்டு முடிக்கிறார். ஆபத்தை ஒளித்துவைத்துத் திடீரென்று காட்டுவதில் பெரிய சாமர்த்தியம் இல்லை. முன்கூட்டியே காட்டிவிட்டு, அதற்குப் பிறகும் பயப்பட வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விஞ்ஞானச் சங்கடம். ஆம்ஸ்டர்டாமில் சில பௌதிகக்காரர்கள் புதைமணலைப் பரிசோதித்து 2005-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். புதைமணலின் அடர்த்தி மனித உடம்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் ஒரு ஆள் இடுப்பு வரைதான் இறங்க முடியும், அப்புறம் மிதப்பார். தலை மறைந்து, கை மட்டும் தெரிந்து, தொப்பி மிதக்கிற சினிமாக் காட்சியெல்லாம் நடக்காது. ஆனால் அவசரமாகக் காலை இழுக்கப் பார்த்தால், ஒரு நடுத்தரக் காரைத் தூக்குகிற அளவுக்கு பலம் தேவை. அதாவது சாகமாட்டீர்கள், வெளியே வரவும் மாட்டீர்கள்! அலை ஏறி வந்தால்தான் நிஜமான ஆபத்து. (சதுப்புச் சேறு கொஞ்சம் வேறு ரகம். வந்தியத்தேவன் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.)

வில்கி காலின்ஸ் 1868-லேயே 'மூன்ஸ்டோன்' நாவலில் ஒரு புதைமணலைக் கடற்கரையில் வைத்தார். அலை திரும்பும் நேரத்தில் அது நடுங்கும் என்று எழுதினார். பௌதிகம் தெரிந்து எழுதினாரோ, கடற்கரையைக் கவனித்து எழுதினாரோ, அலையைச் சேர்த்துக்கொண்டது புத்திசாலித்தனம்.

கதையை விடுங்கள், சரித்திரம் என்ன சொல்கிறது? கி.பி. 9-ஆம் ஆண்டு ஜெர்மனியின் டாய்டோபர்க் காட்டில் ரோமாபுரியின் மூன்று லீஜியன்கள் அழிந்தன. தளபதி வாரஸ். அவருக்கு வழி சொன்னவன் ஆர்மினியஸ், ரோமப் படையிலேயே பயிற்சி பெற்று அதிகாரியாக இருந்த ஜெர்மானியன். மூன்று லீஜியன்களைக் காடா கொன்றது? வழிகாட்டி கொன்றான். அழிந்த அந்தப் படைகளின் எண்களை ரோமர்கள் அப்புறம் எந்தப் படைக்கும் வைக்கவில்லை.

நம் பக்கத்தில் காட்டைப் பாதுகாப்பாகவே பார்த்தார்கள். அரண் என்றால் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடும்போது வள்ளுவர் நீர், வெட்டவெளி, மலையோடு நிழல் அடர்ந்த காட்டையும் சேர்க்கிறார். அர்த்தசாஸ்திரத்தில் வனதுர்க்கம் தனி வகை. கோட்டையைச் சுற்றி வளர்த்த காவற்காட்டுக்குச் சங்க இலக்கியத்தில் 'மிளை' என்று தனிப் பெயரே இருக்கிறது. நம்மவனுக்கு வேலி, வருகிறவனுக்கு வலை.

இந்த வேலி கடைசியாகப் பெரிய அளவில் வேலை செய்தது 1801-ல், காளையார்கோவிலில். மருது சகோதரர்களைப் பிடிக்க கர்னல் அக்னியூ தலைமையில் வந்த கும்பெனிப் படை சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்தது. ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டினார்கள். பகலெல்லாம் கோடாலி, நாலா பக்கமும் தாக்குதல். கடைசியில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். கோடாலியால் முடியாததற்கு வேறு வழி பிடித்தது கும்பெனி. சிவகங்கைக்கு வேறொருவரை ஜமீன்தாராக அறிவித்து, மருதுகள் பக்கம் இருந்தவர்களைப் பிரிக்கப் பார்த்தது. அக்டோபர் 1-ஆம் தேதி காளையார்கோவில் விழுந்தது. அதே மாதம் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கு.

அந்தப் படையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி இருந்தார். 1830-ல் நினைவுக் குறிப்புகள் வெளியிட்டார். அதில் ஒரு செய்தி: இவர் முன்பு மதுரைப் பக்கம் வேலையில் இருந்தபோது ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். கற்றுக்கொடுத்தவரைப் பிடிக்க, கற்றுக்கொண்டவர் அதே சீமைக்குப் படையோடு வருகிறார். ரோமர்களிடம் கற்று ரோமர்களைக் கவிழ்த்த ஆர்மினியஸ் கதை அப்படியே தலைகீழாக! இதைவிட நல்ல சஸ்பென்ஸ் நாவலுக்கு வேறென்ன வேண்டும்? இதை வைத்துக்கொண்டு நாம் இன்னும் புதரிலிருந்து புலியைப் பாயவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. வழி தெரிந்தவன்தான் காட்டுக் கதையின் மையம் என்றேன். நம் கதைகளில் அந்த ஆளுக்கு என்ன வேஷம் கொடுக்கிறோம்? ஒன்று, மண்டையோடு மாட்டிய மந்திரவாதி. இல்லாவிட்டால் கதாநாயகனைக் கட்டிவைத்து நெருப்பைச் சுற்றி ஆடும் கூட்டம். அதுவும் இல்லாவிட்டால் இரண்டு அத்தியாயம் வழிகாட்டிவிட்டு, எஜமானுக்கு வரவேண்டிய அம்பைத் தான் வாங்கிச் சாகும் விசுவாசி. பெயர்கூட இருக்காது. காட்டில் வாழ்கிறவனைக் காட்டின் ஆபத்துகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். பாம்பு, புலி, முதலை, காட்டுவாசி.

நிஜத்தில் என்ன? செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள் 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். அவர்கள் பிடித்து எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கிறார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. புதருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள். நாவலில் அவர்களுக்கு உடுக்கையும் எலும்பு மாலையும் கொடுத்து உட்கார்த்தி வைத்திருக்கிறோம். பூங்குழலிக்குக் கல்கி பெயர் கொடுத்தார், கோபம் கொடுத்தார், இளவரசன் மேல் ஆசையும் கொடுத்தார். அந்தக் காடு மனசில் நிற்பதற்குக் காரணம் சேறு மட்டுமில்லை.

கதை எழுத ஆசைப்படும் வாசகர்களுக்கு மூன்று யோசனை. ஒன்று, எந்த ஊர்க் காடு என்று முடிவு செய்துவிட்டு, அங்கே நிஜமாகவே ஆளைக் கொல்வது எது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அது புலியாக இருக்காது. காய்ச்சலாக, தாகமாக, திடீர் வெள்ளமாக இருக்கும். இரண்டு, அதை முன்னாலேயே வாசகனுக்குக் காட்டிவிடுங்கள். மூன்று, வழி தெரிந்த ஆளுக்கு ஒரு பெயரும், உங்கள் கதாநாயகனைக் காப்பாற்றவோ கைவிடவோ அவருக்கென்று ஒரு காரணமும் கொடுங்கள். இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி நாவல் முடிந்த மாதிரி.

காளையார்கோவிலில் கோடாலி ஓய்ந்த அந்த செப்டம்பர் மாதத்தை யாராவது முழு நாவலாக எழுதினால், முதல் பிரதியைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். ஆந்தை வேண்டாம்.