திரும்பி வந்த பொருள்களும் திரும்பாத பெயர்களும்

ஸ்ரீபெரும்புதூரை நாம் இரண்டு விதமாகத்தான் வாசித்துப் பழகியிருக்கிறோம். ஒன்று, 1991 மே 21. மற்றது, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை நீளும் சிப்காட் வளாகங்கள்: கார், செல்போன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். முதலாவது போரின் பக்கம், இரண்டாவது வளர்ச்சியின் பக்கம் என்று பிரித்து வைத்தாயிற்று. ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டிக் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்டு போய்க்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டு பக்கங்களையும் ஒரே பிரதியாக வாசிக்க முடியுமா என்பதே என் கேள்வி.

அந்த 1991இல் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? 1990 நடுவில் போர் மறுபடி மூண்டதும் இலங்கையின் வடக்கு மீது பொருளாதாரத் தடை விழுந்தது. சவர்க்காரம், மெழுகுவர்த்தி, பற்றரி, மண்ணெண்ணெய், சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்து விளக்கு. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி. அகதியாக வந்து இங்கேயே தங்கிவிட்ட நண்பர் ஒருவர் சொன்னார்: “சவுக்காரம் இல்லையெண்டு ஆரும் ஊத்தையாத் திரியேல்லை. பனம்பழத்தைப் பிசைஞ்சு உடுப்புத் தோய்ச்சனாங்கள்.”

இதைத் தன்னிறைவு என்று கொண்டாடுகிற எழுத்து நம்மிடம் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது பட்டினிக்குப் பூ வைக்கிற வேலை. பனம்பழத்தைப் பிசைந்தது யார்? பெரும்பாலும் பெண்கள். அந்தக் கூடுதல் உழைப்பை வீரம் என்று பேர் வைத்து மூடிவிட்டார்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தட்டுப்பாட்டில், ஒரு பொருளுக்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பொருள் கடைக்குத் திரும்பும்போது முதலில் மறைவது அந்தக் கைதான். மனிதர்களுக்கு இடையிலான உறவு பொருள்களுக்கு இடையிலான உறவாகத் தோற்றம் கொள்கிறது என்று 1867இல் மார்க்ஸ் எழுதினார். போருக்குப் பிந்தைய கடைத்தெருவுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே ‘எல்லாம் கிடைக்குது’ என்பதே சமாதானத்தின் நிரூபணமாக முன்வைக்கப்படுகிறது.

ஆனையிறவு உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியர் காலத்தில் தொடங்கிய உப்பளம் அது. 1990இல் போர் அதை நிறுத்தியது. அடுத்தடுத்த சண்டைகளில் ஆனையிறவு என்றாலே இராணுவ முகாம் என்று ஆகிப்போனது. உப்பு அந்தப் பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டது. 2009க்குப் பின் உப்பு விளைச்சல் படிப்படியாகத் திரும்பியது. 2025 மார்ச் 29 அன்று, அரசுக்குச் சொந்தமான மாந்தை உப்பு நிறுவனத்தின் கீழ், அங்கே மேசை உப்பு ஆலை திறக்கப்பட்டது. பொட்டலத்தின் மேல் இருந்த பெயர் ‘ரஜ லுணு’. சிங்களத்தில் ராஜ உப்பு. உடனே எதிர்ப்பு எழுந்தது. நியாயமான எதிர்ப்பு. உப்பு திரும்பி வந்தது, ஊர் திரும்பி வரவில்லை. ஒரு கிலோ பொட்டலத்தின் மேல் நடந்த மொழி அரசியல் அது.

ஆனால் அடுத்து வந்த மே மாதத்தில் அதே உப்பளத்தின் தொழிலாளர்கள் தங்கள் வேலை நிலைமைக்காகப் போராடினார்கள். பெயர்ப் பிரச்சினையைப் பேசிய அளவுக்கு நாம் இதைப் பேசினோமா? இல்லை என்றே எனக்குப் படுகிறது. உறையின் மேல் ஆனையிறவு என்று எழுதிவிட்டால், பாத்திக்குள் வெறுங்காலோடு நிற்கிறவருக்கு நீதி கிடைத்துவிடுமா? தேசியவாத வாசிப்பு நின்றுபோகிற இடம் இது.

இப்போது ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பலாம். 2007இலிருந்து ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் செய்கிற சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சுங்குவார்சத்திரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். போலீஸ் பந்தலைப் பிரித்தது. கூலி உயர்வு கேட்டார்கள், வேலை நேரம் பேசினார்கள். மையமான கோரிக்கை சங்க அங்கீகாரம். நிர்வாகம் எழுப்பிய ஆட்சேபணைகளில் ஒன்றை இலக்கியம் படிக்கிறவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வரக்கூடாதாம். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’ பதிவானது.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சொல்லை ஆயிரக்கணக்கான பெட்டிகளின் நெற்றியில் ஒட்டி அனுப்புவது இவர்கள் கைதான். ஒட்டலாம். தன் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

‘பெயரெல்லாம் மேல்கட்டுமானம் தோழர், கூலிதான் அடிப்படை’ என்பார்கள் நம் இடதுசாரி நண்பர்கள். அப்படியானால் கூலி பற்றிப் பேசத் தயாராக இருந்த நிர்வாகம் சங்கத்தையும் அதன் பெயரையும் மட்டும் ஏன் அவ்வளவு தடுத்தது? பேரம் பேசுகிற தனி ஆள் வேறு, பெயருள்ள ஒரு கூட்டு வேறு என்பது முதலாளிக்குத் தெரியும். நமக்குத்தான் சந்தேகம்.

ஆனையிறவில் ஊரின் பெயர் கேட்டோம், உழைப்பவரை மறந்தோம். ஸ்ரீபெரும்புதூரில் உழைப்பவரைப் பற்றிப் பேசுகிறோம், பெயரை அற்பமாக்குகிறோம். இரண்டு வாசிப்பும் பாதி வாசிப்பு. போருக்குப் பின்னோ முதலீட்டுக்குப் பின்னோ ஒரு பொருள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லும்போது, அதைச் செய்தவர்கள் எந்தப் பெயரில் ஒன்றுசேர முடிகிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி இல்லாமல் எழுதப்படும் வளர்ச்சியின் வரலாறு கடைக்காரரின் சரக்குப் பட்டியல்தான்.

அந்த நண்பரின் வீட்டில் இப்போது வாஷிங் மெஷின் இருக்கிறது. “எந்த ஊர்ல செஞ்சது?” என்று கேட்டேன். அவர் எழுந்து போய்ப் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் பார்த்தார். நாட்டின் பெயர் மட்டும் இருந்தது.