உள்ளமா? ஆவியா?
திருவிவிலியத்தின் ஒரு சொல்லைக் குறித்து

திண்டிவனத்திலுள்ள தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவிவிலியம், கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் கூடி உழைத்துத் தந்த பொது மொழிபெயர்ப்பாகும். வடமொழி மலிந்த பழைய நடையை விடுத்து, இன்றைய தமிழர் கேட்டவுடன் உணரும் நடையில் அது இறைவார்த்தையை நமக்கு அளித்தது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்க் கோவில்களிலும் அதுவே ஒலிக்கின்றது. அப்பணிக்கு நன்றி கூறியே, அதில் ஒரு சொல் கையாளப்பட்டுள்ள முறையை இங்கு ஆராய விழைகின்றோம்.

தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் இறுதியில் (5:23), அவர்கள் முழுமையாகக் காக்கப்பட வேண்டுமெனப் பவுல் மன்றாடுகிறார். அங்கே கிரேக்கத்தில் மூன்று சொற்கள் உள்ளன: நியூமா, ப்சூக்கே, சோமா. சீர்திருத்த சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு இவற்றை ஆவி, ஆத்துமா, சரீரம் என்றது. திருவிவிலியம் உள்ளம், ஆன்மா, உடல் என்கிறது. ஆனால் எபிரேயர் திருமுகத்தில் (4:12) அதே நியூமா 'ஆவி' ஆகின்றது. மரியாவின் பாடலிலோ (லூக் 1:46-47) ப்சூக்கே 'உள்ளம்' என்றும், நியூமா 'மனம்' என்றும் வருகின்றன. ஆக, 'உள்ளம்' என்னும் ஒரே சொல் ஓரிடத்தில் ஆன்மாவையும் மற்றோரிடத்தில் ஆவியையும் குறிக்கின்றது. தமிழில் மட்டும் படிப்பவர் இதனை அறிய வழியில்லை.

இது புலவர்களுக்குரிய சொல்லாய்வு மட்டும்தானே என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. பவுலின் இம்மூன்று சொற்களை வைத்து, மனிதர் தனித்தனியே மூன்று அறைகள் கொண்ட வீடு போன்றவர் என்று போதிப்போர் உள்ளனர். அழுகையும் துயரமும் ஆன்மாவைச் சேர்ந்தவை. ஆவிக்குரியவர் கலங்கமாட்டார் என்பது அவர்கள் வாதம். கணவரைப் புதைத்து நாற்பது நாளும் ஆகாத பெண்ணொருத்தி செபக்கூட்டத்தில் இதனைக் கேட்டால் என்ன எண்ணுவாள்? தன் கண்ணீரே விசுவாசக் குறைவுக்குச் சான்று என்று மனம் குன்றித் திரும்புவாள். ஆறுதல் தேடி வந்தவளுக்குக் குற்றவுணர்வைத் தந்தனுப்புவது நற்செய்தி ஆகாது.

விவிலியம் இவ்வாறு மனிதரைக் கூறுபோடுவதில்லை. எபிரேயத்தில் 'நெஃபெஷ்' என்பது தொண்டையையும் உயிரையும் உயிருள்ள ஆளையும் குறிக்கும். தொடக்கநூலில் (2:7) கடவுள் ஊதிய உயிர்மூச்சால் மனிதர் உயிருள்ளவர் ஆகிறார். ஆன்மா என்னும் ஒரு பொருள் அவருக்குள் வைக்கப்பட்டதாக அங்கு சொல்லப்படவில்லை. 'ரூவா' என்பது காற்று, மூச்சு, கடவுளின் ஆற்றல். எனவே உயிர்வாழும் ஆளாக மனிதரைக் காணும்போது ஆன்மா என்கிறோம். அதே ஆளைக் கடவுளை நோக்கித் திறந்தவராகக் காணும்போது ஆவி என்கிறோம். மனிதருக்கு இரண்டு ஆன்மாக்கள் உண்டென்ற கருத்தை 869-870ஆம் ஆண்டுகளில் கூடிய கான்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கம் புறக்கணித்தது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 367) பவுலின் இம்மன்றாட்டைச் சுட்டி, ஆவி என்றும் ஆன்மா என்றும் பிரித்துச் சொல்வது ஆன்மாவை இரண்டாக்குவதில்லை எனத் தெளிவுபடுத்துகின்றது.

இதற்கு யோவான் நற்செய்தி அழகிய சான்று தருகின்றது. தம் வேளை வந்துவிட்டதை உணர்ந்த இயேசுவின் ப்சூக்கே கலங்குகிறது (12:27). யூதாசு காட்டிக்கொடுக்கப் போவதைச் சொல்லுமுன் அவரது நியூமா கலங்குகிறது (13:21). கிரேக்கத்தில் இரண்டிடத்திலும் வினைச்சொல் ஒன்றே. ஆண்டவரின் ஆவியே கலங்கியதென்றால், ஆவிக்குரியவர் கலங்கமாட்டார் என்னும் வாதம் நிற்குமோ? திருவிவிலியம் இவ்விரு இடங்களிலும் 'உள்ளம்' என்றே பெயர்த்துள்ளது. கலங்கியவர் ஒரே இயேசு என்பதால் அது பொருந்துகின்றது. மரியாவின் பாடலும் எபிரேயக் கவிதை முறைப்படி ஒன்றையே இருமுறை கூறுவதால், அங்கும் குறை காண்பதற்கில்லை.

உரோமையர் திருமுகத்தில் (8:16) நிலை வேறு. தூய ஆவியார் நம் ஆவியோடு சேர்ந்து சான்று பகர்கிறார் என்பது பவுலின் கருத்து. கிரேக்கத்தில் இருபுறமும் ஒரே சொல் நின்று, கடவுளுக்கும் நமக்கும் உள்ள உறவைக் காட்டுகின்றது. தமிழில் நம் பக்கம் 'உள்ளம்' ஆகிவிட, அவ்வுறவு மறைந்துவிடுகிறது. தெசலோனிக்கர் திருமுகத்திலும் இதே இழப்புதான். உள்ளம் என்றால் உணர்வுகளின் இருப்பிடம் என்றே தமிழ்ச் செவி கொள்ளும். கடவுளின் மூச்சு தங்கும் இடம் என்று கொள்ளாது.

மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு நமக்கு விளங்காமலில்லை. நம் ஊர்களில் ஆவி என்றால் இறந்தவர் அலைவதையோ, சோற்றுப்பானையில் எழும் புகையையோ நினைப்பர். முன்னோர் 'இஸ்பிரீத்து சாந்து' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லையே நெடுங்காலம் செபங்களில் போற்றினர். ஆயினும் இன்று தூய ஆவி என்று சொல்லிச் சிலுவை வரையாத குழந்தை நம்மிடையே இல்லை. ஆவி என்பது உயிரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லுமாகும். அதற்கு இனி நாம் அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த திருத்தப் பதிப்பில் இவ்விரு இடங்களிலும் 'ஆவி' என்னும் சொல்லை இடலாம். அன்றேல், கிரேக்கத்தில் உள்ளது அதுவே என்று அடிக்குறிப்பாவது தரலாம். அதுவரை மறைக்கல்வி ஆசிரியரும் அன்பியப் பொறுப்பாளரும் இதனை எடுத்துரைப்பது நன்று. பவுல் மூன்று சொற்களை அடுக்கியது மனிதரைப் பிரிப்பதற்கன்று. எதுவும் விடுபடாமல் முழு மனிதரும் காக்கப்பட வேண்டுமென்று மன்றாடுவதற்கே. அழுகின்ற அப்பெண்ணும் தன் கண்ணீரோடு அம்மன்றாட்டினுள் அடங்குகின்றாள் என்பதை அவளுக்குச் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.