பவானி ஜமுக்காளம்

எங்கள் வீட்டில் பயணம் என்றால் முதலில் கட்டி வைப்பது ஜமுக்காளத்தைத்தான். பழநி மண்டபமோ ரயில் நிலைய நடைமேடையோ, விரித்த இடம் வீடாகிவிடும். அம்மா அதில் உட்கார்ந்து புளிசாதம் பரிமாறுவார். பிள்ளைகள் வரிசையாகத் தூங்குவார்கள்.

பவானியில் குழித்தறியில் நெய்தது இது. தடித்த ஊடைநூல் பாவுநூலை முழுதாக மூடிவிடுகிறது. அதனால்தான் சிவப்பும் பச்சையும் நீலமும் இத்தனை அடர்த்தியாகப் பட்டை பட்டையாக நிற்கின்றன. என்ன அழகு! எங்களுடையது வெளுத்திருக்கிறதே தவிர, இழை விடவில்லை.

2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தும், விசைத்தறிச் சரக்கு இதே பெயரில் விற்கப்படுகிறது. நெசவாளர் வயிற்றில் அடிக்கும் வேலை அது. அடுத்த கல்யாணத்துக்கு வாங்கும்போது, கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள்.