சேறும் சித்திரமும்: கேமல் டிராபியின் முடிவு குறித்து ஒரு மதிப்பீடு

திறனாய்வாளன் நூல்களை மட்டுமே எடைபோடக் கடமைப்பட்டவன் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. நாடகத்தையும் திரைப்படத்தையும் அவன் தொட்டால் முகஞ்சுளிப்போர் இன்று குறைந்துவிட்டனர். ஆயினும், ஆண்டுதோறும் காட்டுக்குள் வண்டியோட்டிய ஒரு நிகழ்ச்சியை எழுத்தாளர் சங்கத்துத் தொகுதியில் ஆராயப் புகுந்தால், ‘இவருக்கு வேறு வேலையில்லையா?’ என்று கேட்போர் இருக்கத்தான் செய்வர். அவர்களுக்கு ஒன்று கூறலாம். 1980 முதல் 2000 வரை பல நாட்டு இளைஞரின் கற்பனையை ஆட்கொண்ட கதைகளுள் ஒன்று, மஞ்சள் வண்டிகள் சேற்றில் புதைந்து எழுந்த கதை. ஏட்டில் எழுதப்படாமல் நிழற்படத்திலும் குறும்படத்திலும் சொல்லப்பட்டது என்பதற்காக அது கதையல்லாமற் போய்விடாது. அதற்கு நாயகன் உண்டு, பகை உண்டு, நிலமும் உண்டு. அந்நிலம் ஒருமுறை நம் நாட்டு நிலமாகவே இருந்தது. பலமுறை நம் அண்டை நிலமாக இருந்தது.

கேமல் டிராபியின் தொடக்கம் எளிமையானது. 1980-இல் ஜெர்மானியர் அறுவர் மூன்று ஜீப்புகளில் பிரேசில் நாட்டின் அமேசான் நெடுஞ்சாலையில் புறப்பட்டனர். மறு ஆண்டு களம் சுமாத்திராவுக்கு மாறியது. லேண்ட்ரோவர் நிறுவனத்தின் வண்டிகள் உள்ளே வந்தன. பிறகு பப்புவா நியூ கினி, சாயிர், மீண்டும் பிரேசில், 1985-இல் போர்னியோ, 1988-இல் சுலாவெசி, 1990-இல் சைபீரியா என்று களங்கள் விரிந்தன. 1993-இல் சபா. 1996-இல் காளிமந்தான். நாட்டுக்கு இருவர் என்ற கணக்கில் ஆட்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். பந்தய ஓட்டுநர்களுக்கும் போர்வீரர்களுக்கும் இடமில்லை. ஆசிரியரோ மருத்துவரோ பட்டறைத் தொழிலாளியோ விண்ணப்பிக்கலாம். அந்த இரண்டு இடங்களுக்காக ஆயிரக்கணக்கானோர் போட்டியிட்டனர். மக்கள் மனத்தில் அது ஏன் இடம்பிடித்தது என்பதற்கு இந்த ஒரு விதியே பாதி விடையாகும். தன்னைப் போன்ற ஒருவன் அங்கே நிற்கிறான் என்ற உணர்வைப் பார்வையாளனுக்கு அது தந்தது.

மறுபாதி விடை சேற்றில் இருக்கிறது. இங்கே சற்று நின்று நோக்க வேண்டும்.

வண்டிப் பந்தயம் என்றால் ஒருவன் முந்துவான், மற்றவன் பிந்துவான். முந்தியவன் திரும்பிப் பாரான். கேமல் டிராபியில் காடு அந்த வசதியை எவருக்கும் தரவில்லை. செங்குத்தான மண்மேட்டில் முதல் வண்டி ஏறும்போதே பாதை குழைந்துவிடும். இரண்டாம் வண்டி அச்சுவரை இறங்கும். மூன்றாம் வண்டிக்குப் பாதை என்று ஒன்று இராது. ஆகவே முன்னே சென்றவன் தன் வண்டியின் முகப்பிலுள்ள வின்ச்சுக் கம்பியை மரத்தில் கட்டித் தான் ஏறியபின், அதே கம்பியைப் பின்னால் வருபவனுக்கு இறக்கிக் கொடுக்க வேண்டும். பாலம் உடைந்திருந்தால் எல்லா நாட்டாரும் கூடி மரம் சுமந்து பாலம் கட்ட வேண்டும். கட்டியபின் அதைக் கடப்பதில் போட்டி ஏது? 1985-ஆம் ஆண்டு போர்னியோவில் பெருமழையும் வழுக்கு மண்ணும் சேர்ந்து வண்டித் தொடரையே சிறைவைத்தன. வென்றவருக்குரிய பரிசோடு, தோழமைக்கென்று தனிப் பரிசு ஒன்று வழங்கும் வழக்கம் அவ்வாண்டில்தான் தொடங்கியது. போட்டியாளரே வாக்களித்துத் தருவது அது. பின்னாளில் வெற்றிப் பரிசைக் காட்டிலும் அதையே பெரிதாக மதித்தோர் பலர். விளம்பரத்திற்காக வகுக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சி, தன்னை வகுத்தவர்களும் எதிர்பாராத ஓர் அறத்தை மழையின் வற்புறுத்தலால் கண்டடைந்தது. கேமல் டிராபியில் கலை என்று சொல்லத்தக்கது எதுவெனில், என் மதிப்பீட்டில், இதுதான்.

அது ஒரு வெண்சுருட்டு விளம்பரம் என்ற ஒரே சொல்லால் இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. அவர்கள் கூறுவது உண்மை. ஆனால் முழுமை அன்று. அரசன் புகழ் பாடப் பொருள் பெற்றுப் பாடிய பாடலிலும் நல்ல பாடல் உண்டு என்பதை நம் இலக்கிய மரபே ஒப்புக்கொண்டுள்ளது. பொருள் கொடுத்தவன் யார் என்று கேட்க வேண்டும். பாடல் எப்படி என்றும் கேட்க வேண்டும்.

பாடலின் குறை எங்கே? அதைக் காணப் பீடோரில் நின்று பார்ப்பது நல்லது.

பீடோருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் எழுகிறது. 1943-ஆம் ஆண்டின் இறுதியில், ஜப்பானியர் ஆட்சியில், அம்மலையில் பிளாந்தான் என்னும் மறைவு முகாமில் பிரிட்டிஷ் 136-ஆம் படைப்பிரிவினரும் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினரும் கூடி உடன்பாடு கண்டனர். அங்கே தங்கியிருந்தவருள் ஒருவர் ஸ்பென்சர் சாப்மன். போருக்குப் பின், 1949-இல், காடு நடுநிலையானது என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. காடு மனிதனைக் கொல்லவும் முனையவில்லை, காக்கவும் முனையவில்லை. அதன் முன் ஒருவன் மனம் எப்படி நிற்கிறதோ அப்படியே அவன் கதி அமையும் என்பது அத்தலைப்பின் கருத்து. காய்ச்சலிலும் பசியிலும் கிடந்தவர் எழுதிய நூலுக்கு அத்தலைப்பு பொருந்துகிறது. கேமல் டிராபியின் படங்களோ காட்டை எதிரியாகவே நிறுத்தின. வெல்லப்பட வேண்டியது காடு. வெல்பவை மஞ்சள் வண்டிகள். மேலும், அக்காட்டில் எவரும் வாழ்வதாகத் தெரியவில்லை.

இந்த இரண்டாவது செய்திதான் என்னை உறுத்துவது. சாப்மனும் அவருடைய தோழர்களும் மலைவாழ் பூர்வகுடியினரின் துணையின்றி அங்கே நிலைத்திருக்க முடியாது. பீடோர், தாப்பா மலைச் சரிவுகளில் செமாய் மக்களின் ஊர்கள் இன்றும் உள்ளன. சபாவிலும் காளிமந்தானிலும் அவ்வாறே. கேமல் டிராபியின் புகழ்பெற்ற சித்திரங்களில் ஊர்மக்கள் வருவதுண்டு: ஆற்றங்கரையில் சிரிக்கும் சிறுவனாக, வண்டியை வியந்து நோக்கும் கிழவராக. அவர்கள் காட்சிக்கு அழகு சேர்க்கிறார்கள். கதையில் அவர்களுக்குப் பேச்சில்லை. வண்டிகள் போன பாதையோ பெரும்பாலும் யாரோ முன்பே வெட்டிய பாதை. மரம் இழுப்பதற்காக வெட்டியது. நம் பக்கத்துச் சீன நண்பர்கள் காட்டு மரம் இழுக்கும் பழைய லாரியைச் ‘சான் தாய் வோங்’, அதாவது மலையரசன், என்று அழைப்பர். மலையரசனை நாள்தோறும் ஓட்டிக் கூலி பெறுபவன் ஏறாத மேடு எது? அவனுக்குப் பரிசு தந்தவர் இல்லை. படம் எடுத்தவரும் இல்லை.

லேண்ட்ரோவர் என்னும் பெயரும் பேராக் மண்ணில் வெறும் பெயரன்று. அவ்வண்டி 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டத்துச் செம்மண் சாலைக்கும் அவ்வண்டிக்கும் நெருங்கிய உறவு ஏற்பட்டது. பெரட்டுக் களத்தில் நின்ற பால்வெட்டுத் தொழிலாளிக்கு லேண்ட்ரோவர் என்றால் துரை வருகிறார் என்று பொருள். சில நாள்களில் படை வருகிறது என்று பொருள். அந்தச் செம்மண் சாலையை வெட்டியவரும், மழைக்குப் பின் அதன் பள்ளத்தைக் கல் இட்டு நிரப்பியவரும் நம்மவர்களே. ஆகவே அதே வண்டி மஞ்சள் பூசிக்கொண்டு வீரச் சின்னமாக வந்தபோது, லயத்தில் பிறந்த வாசகன் அதை வேறொரு கண்ணால் பார்த்தான் என்றால் வியப்பில்லை. பார்த்தான்; ஆனால் எழுதினானா?

இக்கேள்வியை நம் எழுத்தாளர்முன் வைக்கவே இவ்வளவு தூரம் வந்தோம். காட்டைப் பிளந்து பாதை செய்த துயரம் மலேசியத் தமிழ் நாவலில் அறவே இல்லை என்று கூறிவிட முடியாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய இரண்டும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டோரைப் பேசுகின்றன. அங்கே காடு விளையாட்டுக் களமன்று, சேறு பொழுதுபோக்கன்று. ஆனால் அவை போர்க்காலக் கதைகள். அமைதிக்காலத்துக் காட்டுப் பாதை, மரலாரியின் ஓட்டுநர் இருக்கை, இரவு முழுதும் பற்சக்கரப் பெட்டியைப் பிரித்துப்போட்டு விடியுமுன் பூட்டும் பட்டறைத் தொழிலாளி, இவையெல்லாம் நம் சிறுகதைகளில் அருகியே தலைகாட்டுகின்றன. பால்மரத்தைப் பாடிய அளவிற்கு நாம் பொறியைப் பாடவில்லை. பொறியும் நம் கையில் இருந்தது அல்லவா? கையில் கருமை ஏறிய அந்தத் தமிழனை வெண்சுருட்டு நிறுவனம் படமெடுக்கவில்லை என்று குறைகூறும் உரிமை, அவனை எழுதாத நமக்கு எவ்வளவு உண்டு?

இனி அதன் முடிவுக்கு வருவோம். 1990 முதல் 1997 வரை டிஸ்கவரி வண்டிகள் ஓடின. 1998-இல் தென்னமெரிக்காவின் தெற்கு முனையில், பனிக்காலத்தில், சிறிய ஃபிரீலேண்டர் வண்டிகள் இறக்கப்பட்டன. ஆனால் பனிச்சறுக்கும் படகும் மிதிவண்டியும் முன்னே வந்தன, வண்டி ஆள்களை ஏற்றிச் செல்லும் ஊர்தியாகச் சுருங்கியது. லேண்ட்ரோவர் விலகிக்கொண்டது. 1999-இல் நிகழ்ச்சியே இல்லை. 2000-இல் தொங்கா, சமோவா தீவுகளில் விசைப்படகுகளோடு ஒருமுறை நடந்து நின்றுபோயிற்று. சேறில்லாத கேமல் டிராபி! கடலில் எவனும் எவனுக்கும் கம்பி இறக்கித் தர வேண்டியதில்லை. காவியத்தின் உயிர் எதில் இருந்ததோ அதை அதன் ஆசிரியரே அறியாதிருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆசிரியர் என்று நாம் சொல்வது வணிகத்தை. கேமல் பெயரில் காலணியும் கைக்கடிகாரமும் உடையும் விற்ற நிறுவனமே நிகழ்ச்சியை நடத்தியது. வெண்சுருட்டை நேரடியாக விளம்பரம் செய்யத் தடை வளர்ந்த நாடுகளில், சுருட்டின் பெயரை வேறொரு பொருளின்மேல் ஏற்றி விளம்பரம் செய்யும் உத்தி அக்காலத்தில் பரவலாகக் கையாளப்பட்டது. நம் நாட்டுத் தொலைக்காட்சியும் திரையரங்கும் இத்தகைய விளம்பரங்களை நன்கு அறியும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் புகையிலை விளம்பரங்களை நெடுங்காலம் கண்டித்து வந்ததையும் வாசகர் அறிவர். 1993-இல் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் இங்கே இயற்றப்பட்டன. மஞ்சள் வண்டிகள் சபாவில் சேறு பூசிக்கொண்டதும் அதே ஆண்டுதான். அமெரிக்காவுக்கு வெளியே கேமலின் உரிமை 1999-இல், ஏறத்தாழ 800 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள பேரத்தில், ஜப்பானியப் புகையிலை நிறுவனத்தின் கைக்கு மாறியது. நிகழ்ச்சி நடவாத ஆண்டும் அதுவே. இரண்டுக்கும் முடிச்சுப்போட நான் முனையவில்லை. விற்கப்படும் பெயரின் நிழலில் வாழ்ந்த ஒன்றுக்கு ஆயுள் எவ்வளவு என்பது மட்டும் தெளிவு.

அது முடிந்ததற்காக இன்றும் வருந்துவோர் பலர். பழைய வண்டிகளைத் தேடிப்பிடித்து, அதே மஞ்சள் பூசி, அதே விளக்குகளைப் பொருத்திப் பேணுகின்றனர். அவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆண்டுக்கொருமுறை கூடிய கூட்டம் கூடாமற்போவதன் வெறுமை நமக்குப் புதிதன்று. தோட்டம் துண்டாடப்பட்டபோது, செம்பனைக்கோ வீடமைப்புக்கோ இடம்விட்டு மக்கள் வெளியேறியபோது, தோட்டத்து மாரியம்மன் திருவிழா நின்றுபோன ஊர்கள் பேராக்கில் எத்தனை! தீமிதிக்குக் குழி வெட்டிய இடம் எது என்று காட்ட ஆளில்லாத ஊர்கள் அவை. மஞ்சள் வண்டிக்குப் படத்தொகுப்பு இருக்கிறது. ரசிகர் மன்றம் இருக்கிறது. நம் திருவிழாவுக்கு மங்கிய நிழற்படம் ஒன்றிரண்டு இருந்தால் அரிது. துயரம் ஒத்ததாயினும் அதைச் சொல்லும் வசதி ஒத்ததன்று.

அதன் வழித்தோன்றல்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். லேண்ட்ரோவர் தானே தொடங்கிய ஜி4 அறைகூவல் 2003-லும் 2006-லும் நடந்தது; அடுத்தது உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, 2008 இறுதியில், கைவிடப்பட்டது. அதில் பளபளப்பு மிகுதி. எனக்கு அதில் ஆர்வம் எழவில்லை. நம் மண்ணில் தோன்றியவையே கவனத்திற்குரியவை. சபாவில் 1991 முதல் போர்னியோ சஃபாரி. 1997-இல் லூயிஸ் வீ தொடங்கிய மழைக்காட்டு அறைகூவல். இரண்டாவது, பருவமழைக் காலத்தையே தேர்ந்துகொண்டது. அங்கே வண்டி நிறுவனம் கொடுத்ததன்று. ஓட்டுபவன் தன் கைப்பணத்தில், தன் ஊர்ப் பட்டறையில், வெட்டி ஒட்டிச் செய்தது. பார்வைக்கு அழகில்லை, ஒரே நிறமுமில்லை. ஒரே நிறமின்மையால்தான் நிழற்படத்தில் அது எடுபடவில்லை என்று ஒருவர் கூறக்கூடும். எனினும் பட்டறை கதைக்குள் வந்துவிட்டது. காட்டில் வாழ்வோர் இன்னும் வரவில்லை.

சபாவின் மாலியாவ் வடிநிலம் 1997-இல் முதல்தரப் பாதுகாப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. அதனுள்ளே, 1993 நிகழ்ச்சியின்போது எழுந்த மர முகாம் ஒன்று அதே பெயரோடு வழங்குகிறது: கேமல் டிராபி முகாம். ஆய்வாளரும் மலையேறுவோரும் இரவு தங்குமிடம் அது. அங்கே செல்பவர் செங்குத்தான சரிவில் வேர்களைப் பற்றிக்கொண்டு, மூட்டையைத் தோளில் சுமந்து, நடந்தே ஏறுகின்றனர்.