கபாடபுரத்துக்குக் கிழக்கேகோட்டை வழி

தமிழில் மிகுபுனைவுக்கு வயது பத்துதான் என்று ஒரு பேச்சு இப்போது நன்றாக ஓடுகிறது. 2016 கடைசியில் கிண்டிலில் தமிழ் நூல்கள் ஏறின, 2018இல் அமேசானின் 'பென் டு பப்ளிஷ்' எழுத்துப் போட்டி தமிழுக்கும் வந்தது, அதுவரை பதிப்பகத்தார் வாசலில் காத்துக் கிடந்த மந்திரவாதிகளும் டிராகன்களும் அப்போதுதான் வெளியே வந்தார்கள் என்பது அதன் சாரம். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வருகிறது: மிகுபுனைவு எழுதுகிறவர் நீல் கெய்மன் போல மைப்பேனாவால் நோட்டில்தான் எழுத வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சி நெருங்க நெருங்க இரண்டும் கூடுதலாகக் காதில் விழுகின்றன. முதலாவது பிழை. இரண்டாவதைப் பிழை என்று சொல்வதுகூட அதிகம். அது வெறும் ஒப்பனை.

நான் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்காரன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை வாசல் வழியாகப் பத்மதீர்த்தக் குளக்கரைக்கு நடந்தால் மேத்தன் மணி என்ற கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது இரண்டு ஆட்டுக்கடாக்கள் வந்து ஒரு தாடிக்காரரின் கன்னத்தில் இரு பக்கமும் முட்டும், அவர் வாய் திறந்து மூடும். இதை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவனிடம் விந்தைக் கதை அமேசானிலிருந்து வந்தது என்று சொன்னால் என்ன செய்வான்?

தொடக்க காலத்தை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விரிக்க வேண்டியதில்லை. மணிமேகலை வானில் பறந்தாள், அமுதசுரபி வற்றாமல் சோறு போட்டது. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் திருவிழாக் கடைகளில் விற்றன. 1947இல் அம்புலிமாமா வந்தது. முருங்கை மரத்து வேதாளத்தை ஓவியர் சங்கர் வரைந்த விதத்தில்தான் இன்றும் நமக்கு வேதாளம் தெரியும். சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவி வந்தான். இதையெல்லாம் பண்டிதர்கள் சிறுவர் கணக்கில் எழுதித் தள்ளிவிட்டார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தைத்தான் இன்றைய இளைஞர்களும் நம்புகிறார்கள்.

ஆனால் புதுமைப்பித்தனை எந்தக் கணக்கில் வைப்பது? அவரை யதார்த்தவாதி என்று சொல்லிச் சொல்லி, அவர் எழுதியதில் பேயும் பிரம்மராட்சசும் கடலுக்கடியில் மூழ்கிய நகரமும் எவ்வளவு என்பதே மறந்துவிட்டது. 'காஞ்சனை', 'பிரம்ம ராக்ஷஸ்', 'வேதாளம் சொன்ன கதை', 'கபாடபுரம்', 'கயிற்றரவு' என்று வரிசையாக அடுக்கிப் பார்த்தால், தமிழின் முதல் முழுமையான மிகுபுனைவுக்காரர் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 'கபாடபுரம்' ஒன்று போதும். கடல்கொண்ட பழந்தமிழ் நகரம் என்ற மேடைப் பெருமிதத்தை எடுத்து, அதை அச்சமூட்டும் கனவாக மாற்றிய துணிச்சல் அதற்குப் பின் வந்த எவருக்கும் வரவில்லை.

அவருக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியும், ஆனால் யாரும் அதைக் கொண்டு எதையும் யோசிப்பதில்லை. மனைவி கமலா திருவனந்தபுரத்துக்காரர். அவர் இங்கே பிறந்த வீட்டில் இருந்த காலங்களில் சென்னையிலிருந்தும் பிறகு புனாவிலிருந்தும் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள்தான் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூல். பணம் அனுப்ப முடியாத கஷ்டம், வருகிறேன் வருகிறேன் என்ற வாக்கு, நடுவே கதை எழுதிக்கொண்டிருக்கும் செய்தி எல்லாம் ஒரே கையின் எழுத்து. தாயார் பெயரில் பர்வதகுமாரி புரடக்ஷன்ஸ் என்று சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கி அதிலும் கையைச் சுட்டுக்கொண்டார். தன் கற்பனைக்குத் தானே முதல் போடுவது என்பது என்ன என்று அவருக்குத் தெரியும். புனாவில் காசநோய் முற்றி இங்கே வந்து சேர்ந்தார். 1948 ஜூன் 30 அன்று இந்த ஊரில் இறந்தார்.

அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நாகர்கோவில் தமிழ்நாட்டுக்குப் போயிற்று, திருவனந்தபுரம் கேரளமாயிற்று. இங்கே இருந்த தமிழ் எழுத்தாளர் ஒரே நாளில் வெளிமாநிலத்தார் ஆனார். என் வாதம் இதுதான்: தங்கள் நூல்களைத் தாங்களே வெளியிட்ட நமது எழுத்தாளர்களில் முக்கியமான சிலர் அப்படி ஆனதில் கொள்கையைவிட எல்லைக்கோட்டுக்குப் பங்கு அதிகம். பத்திரிகைகள் சென்னையில். பதிப்பகங்கள் சென்னையில். நூலக ஆணை வாங்கித் தரும் அலுவலகமும் சென்னையில். இங்கே இருப்பவரிடம் பேனா உண்டு, தபால் நிலையம் உண்டு, மாதச் சம்பளம் இருந்தால் அதுவும் உண்டு.

மலையாளத்தில் நிலைமை பின்னால் வேறாயிற்று. சி.வி. ராமன் பிள்ளை 1891இல் 'மார்த்தாண்டவர்மா'வை நண்பரின் பண உதவியோடு தாமேதான் அச்சேற்றினார். பஷீர் தன் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக விற்றார். ஆனால் 1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர்கள் சேர்ந்து சாகித்ய ப்ரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, 30 சதவீத உரிமைத்தொகை என்று கணக்குப் போட்டு வாழ்ந்து காட்டினார்கள். தமிழில் சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். கடைசிக் காலத்தில் 'சுதந்திர தாகம்' மூன்று பாகங்களையும் 1997இல் சொந்தச் செலவில் போட்டார். மலையாளத்தில் சங்கம், தமிழில் மூட்டை. மூட்டை சுமந்ததை நாம் தியாகம் என்று பாராட்டுகிறோம். எனக்கு அது வெட்கமாக இருக்கிறது.

இனி நகுலன். டி.கே. துரைசாமி என்ற பெயரில் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், கவடியாரில் தனியாக வாழ்ந்தவர், 2007இல் மறைந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தன் புத்தகங்களைத் தானே வெளியிட்டவர். 1968இல் 'குருக்ஷேத்ரம்' என்று தொகுத்துப் போட்டார். தன்னுடையதை மட்டுமல்ல, தன்னைச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தவர்களையும் அச்சில் கொண்டுவந்தார் என்பது கவனிக்க வேண்டியது. 'நினைவுப்பாதை' 1972, 'நாய்கள்' 1974, 'நவீனன் டைரி' 1978. விற்பனையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நகுலனை மிகுபுனைவுப் பட்டியலில் சேர்த்தால் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். வாளும் இல்லை, அரசனும் இல்லை, வரைபடமும் இல்லை. சரி. ஆனால் சுசீலாவை என்ன செய்வீர்கள்? நாவலிலிருந்து கவிதைக்கும் கவிதையிலிருந்து நாவலுக்கும் வந்து போகும் இந்தப் பெண் எங்கேயும் இல்லாதவள், ஆனால் நகுலனின் பக்கங்களில் எல்லோரையும்விட உறுதியாக இருப்பவள். நவீனன் என்று தனக்கு ஒரு மறுபிறவியை உருவாக்கி, அவன் கையில் நாட்குறிப்பைக் கொடுத்து, அவனை எழுதவிட்டு வேடிக்கை பார்க்கிறார் ஆசிரியர். வேறோர் உலகம் படைப்பது என்பது ஐந்து கண்டங்களுக்குப் பெயர் வைப்பது மட்டும்தானா? ஒரு வீட்டு முற்றத்தில், ஒரு பூனை, ஒரு மரம், இல்லாத ஒருத்தி ஆகியோரைக் கொண்டு உள்ளே நுழைந்தால் வெளியே வர முடியாத உலகத்தைப் படைத்தார் நகுலன். எந்தப் பதிப்பாசிரியரும் அதைத் திருத்தாமல் விட்டிருக்க மாட்டார். தன் காசில் போட்டதால் பிழைத்தது. சில இடங்களில், தன் காசில் போட்டதாலேயே திருத்தப்படாமல் போய் வாசகனை வாட்டுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் தனியாளாக இருந்தாலும் தனிமையில் எழுதவில்லை. நீல. பத்மநாபன், ஷண்முக சுப்பையா, காசியபன், ஆ. மாதவன் என்று ஒரு வட்டம் இருந்தது. ஒருவரை ஒருவர் வாசித்தார்கள், சண்டையும் போட்டார்கள். மாதவன் கிழக்கேகோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர். வியாபாரத்துக்கு நடுவே எழுதினார். அவர் கதைகளில் மந்திரம் இல்லை, சுமட்டுக்காரனும் திருடனும் உண்டு. ஆனாலும் 'கிருஷ்ணப்பருந்து' என்ற தலைப்பே சொல்லும், கடைத்தெருவுக்கு மேலே எப்போதும் வட்டமிடும் ஒன்றை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று. மின்வாரியப் பொறியாளரான நீல. பத்மநாபன் 1970இல் 'பள்ளிகொண்டபுரம்' எழுதினார். பத்மநாபசாமி கோயிலைச் சுற்றிய இந்தத் தெருக்கள் அதில் ஒரு மனிதனின் மூளையாக மாறுகின்றன. கற்பனை நாட்டுக்கு வரைபடம் தேடும் இளைஞர்கள் முதலில் அதைப் படிக்கட்டும்.

தொண்ணூறுகளுக்குப் பின் நடந்ததை வேகமாகக் கடக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1997இல் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்': ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று பெருமாளின் உடலிலேயே ஏறிப் போகும் கட்டமைப்பு, படுத்துக் கிடக்கும் பேருருவம், கடைசியில் பிரளயம். தத்துவ விவாதம் சில இடங்களில் விந்தையைத் தின்றுவிடுகிறது. இருந்தும், கோயிலை ஓர் உலகமாகக் கட்ட முடியும் என்று காட்டியது அதுதான். கோணங்கி கோவில்பட்டியிலிருந்து 'கல்குதிரை' இதழைத் தானே நடத்தி, 'பாழி', 'பிதிரா' என்று மொழியையே மயக்க மருந்தாக்கினார். மருந்து அளவு மீறியது என்பது என் கருத்து.

இப்போதைய அலைக்கு வருவோம். 2011இல் பத்மநாபசாமி கோயில் நிலவறைகள் திறக்கப்பட்டு, பி நிலவறை மட்டும் மூடியே கிடக்கிறதல்லவா? அன்றிலிருந்து என் கைக்கு வரும் மிகுபுனைவுப் பிரதிகளில் பாதிக்குமேல் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நடக்கின்றன. நாகபந்தம், கருட மந்திரம், ரகசியச் சங்கம். பெயர் மட்டும் தமிழ். நடப்பதெல்லாம் ஆங்கிலத் தொடர்களில் பார்த்தது. பக்கத்திலேயே மலையாளத் தொன்மக்கதைத் தொகுப்பான, கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிஹ்யமாலை இருக்கிறது, குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் யட்சி கள்ளியங்காட்டு நீலி இன்னும் அலைகிறாள். இதையெல்லாம் அந்தப் பிரதிகளை எழுதும் நண்பர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

காசு வரும் வழியும் கதையை வளைக்கிறது. கிண்டிலின் மாதச் சந்தாத் திட்டத்தில் வாசகர் புரட்டிய பக்கத்துக்குக் காசு என்றால், எந்தக் கதையும் 200 பக்கத்தில் முடியாது, மூன்று பாகமாகும். ஆங்கில மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2022இல் கிக்ஸ்டார்ட்டரில் 4 கோடி டாலருக்கு மேல் திரட்டியதை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அதற்கு முன் பல ஆண்டுகள் பெரிய பதிப்பகங்களில் அவர் சேர்த்த வாசகர்களை யாரும் சொல்வதில்லை. இங்கே கணக்கு வேறு. 16 பக்கம் ஒரு பாரம், 320 பக்க நாவலுக்கு 20 பாரம். ஆஃப்செட்டில் ஆயிரம் போட்டால் பிரதி விலை இறங்கும், கட்டிலுக்கு அடியில் மூட்டை சேரும். தேவைக்கேற்ற அச்சில் 50 போட்டால் மூட்டை இல்லை, விலை ஏறும். கடைக்கு 30, 35 சதவீதம் கழிவு. எழுத்தாளருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஆட்டோ கூலி.

இந்தத் தொழில்நுட்பத்தை நான் எதிர்க்கவில்லை. நகுலன் காலத்தில் 50 பிரதி அச்சு இருந்திருந்தால் அவர் இன்னும் நான்கு புத்தகம் போட்டிருப்பார். எனக்கு வருத்தம், அச்சு எளிதானபோது இடையிலிருந்த வாசக நண்பர் காணாமல் போனார் என்பதில். முன்பு கையெழுத்துப் பிரதி ஊர் சுற்றும். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுது, ஓரம் விடு என்று பத்திரிகைகள் நிபந்தனை போட்டதால் அந்த ஓரத்தில் நண்பர் கிறுக்க இடம் இருந்தது. கையால் எழுதுவதன் பயன் அந்த ஓரம்தான். மைப்பேனா, தோல் அட்டை நோட்டு என்ற பக்தி அல்ல. வேகமும் ஒரு காரணம்: இல்லாத ஓர் ஊருக்குப் பெயர் வைக்கும்போது கை தயங்கும். அந்தத் தயக்கத்தில் வருகிற பெயர் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஜெயமோகன் 2014இலிருந்து 2020 வரை கணினியில் தட்டச்சு செய்தே வெண்முரசின் 26 நாவல்களையும் முடித்தார் என்பதால், இதை விதியாக்க நான் தயாரில்லை.

சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் போன வருடம் என்னிடம் மூன்று லாங்சைஸ் நோட்டு கொண்டுவந்தான். நீலியின் கதை, ஆனால் அவள் பஞ்சவன்காட்டிலிருந்து கிழக்கேகோட்டைக்கு நடந்து வருகிறாள். "சார், டிடிபிக்குக் கொடுத்துரட்டா?" என்றான். பக்கத்துக்கு இவ்வளவு என்று ரேட் விசாரித்து, சீட்டு கட்டிப் பணமும் சேர்த்து வைத்திருந்தான். நான் பென்சிலால் ஓரங்களில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். கோபத்தோடு போனான். நான்கு மாதம் கழித்து வந்தபோது முதல் நோட்டை முழுக்கத் திரும்ப எழுதியிருந்தான். நீலி இப்போது குளக்கரையில் நின்று மேத்தன் மணியைப் பார்க்கிறாள். அந்தப் பக்கம் நன்றாக இருந்தது.

இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது நோட்டில் எழுதி வைத்த நாவல் இருக்கும். அச்சகத்துக்குப் போகுமுன் உங்கள் ஊரில் உங்களோடு சண்டை போடக்கூடிய ஒருவரிடம் அதைக் கொடுங்கள், ஒரு பென்சிலோடு.