சம்சாரம் போன வழி

பாலக்காட்டுக்காரர் ஒருவர் வந்து “ஒந்நு சம்சாரிக்கணம்” என்றால் பெண் தேடி வந்திருக்கிறார் என்று பதறவேண்டாம். கொஞ்சம் பேச வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. வாளையாறு தாண்டினால் அதுவே மனைவி. இன்னும் தெற்கே, கோவில்பட்டிக் கரிசலில் சம்சாரி என்றால் விவசாயி, கி. ராஜநாராயணனைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

வடமொழி வேரில் இச்சொல்லுக்கு ஓடுதல், அலைதல் என்று பொருள். பிறந்து இறந்து மறுபடி பிறக்கும் சுழலுக்கு இந்தியச் சமயங்கள் சூட்டிய பெயர் இது. சிங்களத்தில் இன்றும் பெரும்பாலும் அதே பொருள்தான். இந்தியில் அது உலகம். வங்காளியிலும் மராத்தியிலும் குடித்தனம். சத்யஜித் ராயின் ‘அபுர் சன்சார்’ (1959) ஆங்கிலத்துக்குப் போனபோது ‘அபுவின் உலகம்’ ஆயிற்று. தவறில்லை, ஆனால் திடீர்க் கல்யாணமும், வாடகை அறையில் நடத்திய சின்னஞ்சிறு குடித்தனமும் அந்தத் தலைப்பில் இல்லை.

கடல் கடந்த கதை இன்னும் சுவையானது. அங்கே நடு மகரம் ‘ங்’ ஆயிற்று. மலாயிலும் இந்தோனேசியாவிலும் ‘செங்சாரா’ என்றால் துன்பம். ஏசுவின் பாடுகளையும் இந்தோனேசியக் கிறிஸ்தவர்கள் இச்சொல்லால்தான் குறிக்கிறார்கள். பாலாய் புஸ்தகா 1920இல் வெளியிட்ட மெராரி சிரேகாரின் ‘அசாப் டான் செங்சாரா’ நாவலில், கட்டாயக் கல்யாணம் ஒரு பெண்ணைப் படுத்தும் பாடு அது. நம்மூர் மனைவியும் அவர்கள் துன்பமும் ஒரே சொல் என்று சிரிப்பவர்கள், அங்கே துன்பப்பட்டது யார் என்று பார்க்கலாம்.

தாய்லாந்துக்காரர் நாவில் சொல்லின் கடைசி ரகரம் னகரமாகும், ஆகவே ‘சொங்சான்’. பொருள், இரக்கப்படுதல். துன்பம் படுபவரை விட்டு, பார்ப்பவர் நெஞ்சுக்கு மாறிவிட்டது! நொண்டி நாயைக் கண்டாலும் இச்சொல்தான் வரும். கெமர் மொழியில் அந்த ரகரம் ஒலிப்பதே இல்லை. ‘சங்சா’ என்றால் காதலன் அல்லது காதலி. பிறவியில் கட்டிப்போடும் பற்றுதான் ஆளாகிவிட்டது என்பது என் ஊகம்.

சீனமும் திபெத்தியமும் ஒலியைக் கடன் வாங்கவில்லை. சக்கரம் திரும்புதல் என்று சீனர்கள் ‘லுன்ஹுய்’ ஆக்கினார்கள். அந்த எழுத்துகளையே ஜப்பானியர் ‘ரின்னே’ என்று படித்தார்கள். திபெத்தியர் ‘கோர்வா’ என்றார்கள், அதுவும் சுழல்வதுதான். அங்கெல்லாம் அது தத்துவச் சொல்லாகவே நின்றது, வீட்டுக்குள் நுழையவில்லை. தாய்லாந்தில் இரண்டும் நடந்தன: மறுபிறவிச் சுழலுக்குத் தனியாக ‘சங்சாரவட்’ இருப்பதால், ‘சொங்சான்’ தெருவுக்கு இறங்க முடிந்தது.

தமிழிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். குறள் காலம் தொட்டே ‘பிறவி’ அந்தக் கனத்தைச் சுமந்துவந்தது. பிரசங்க மேடையில் மட்டும் சம்சார சாகரம் மிச்சமிருக்க, சம்சாரம் அடுப்படிக்கு வந்துவிட்டது. 1986இல் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ பார்க்க டிக்கெட் எடுத்தவர்களில் ஒருவரும் மறுபிறவியை நினைத்திருக்கமாட்டார்.